கண்ணம்மாவும் கார்த்திகாவும் ஒரே வீட்டில்: எல்லையோரத் தமிழரை டிவி எதை நம்பவைக்கிறது?

மெகா சீரியல்களுக்கு 20 முதல் 30 எபிசோடு போதும், ஒளிபரப்புக்கு முன்பே தணிக்கை வேண்டும் என்று கேரள மகளிர் ஆணையம் பரிந்துரைத்திருக்கும் செய்தி 2024 கடைசியில் வந்தது. பாலக்காடு, இடுக்கிப் பக்கத் தமிழ் வீடுகளில் இதனால் குழப்பம் வருவது இயல்புதான். நாம் இருப்பது கேரளம், பார்ப்பது சென்னைச் சேனல். அப்படியானால் நம் சீரியல் நின்றுவிடுமா?

நிற்காது. ஆணையம் பரிந்துரைதான் செய்ய முடியும். ஒளிபரப்பு என்பது அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலில் இருக்கும் விஷயம். ஒரு மாநில அரசு நினைத்தாலும் சீரியலின் நீளத்தை வெட்ட முடியாது.

அந்தப் பரிந்துரைக்குப் பின்னால் இருக்கும் கேள்வி இன்னும் பெரியது. யார் பிரபலம், எது கல்யாணம், எந்த நிறம் அழகு, எந்த ஊர்க்காரர் எப்படிப்பட்டவர் என்பதையெல்லாம் டிவி நம் தலைக்குள் வைக்கிறதா? எல்லையோரத் தமிழர் விஷயத்தில் இதற்குக் கிடைக்கும் பதில் கொஞ்சம் வித்தியாசமானது. இரண்டு மொழிச் சேனல்களும் முரண்படும் இடத்தில் இந்த வீடுகளுக்குச் சந்தேகம் வருகிறது. இரண்டும் ஒரே குரலில் பேசும் இடத்தில் சந்தேகம் எழுவதே இல்லை. ஆபத்து இரண்டாவது இடத்தில்தான் அதிகம் என்பது என் கருத்து.

எல்லையோரம் ஏன் தனிக் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். பாலக்காட்டின் சித்தூர் தாலுகா, இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய இடங்களில் அவர்கள் அதிகம். சன் டிவி 1993 ஏப்ரலில் வந்தது, ஏசியாநெட் அதே ஆண்டு ஆகஸ்டில். ஆகவே சித்தூர் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ தொண்ணூறுகளில் வளர்ந்த ஒருவர் இரண்டையும் பார்த்தே வளர்ந்திருப்பார்.

பார்வையாளருக்கு இவை இரண்டு உலகம். வியாபாரத்தில் அப்படி இல்லை.

1. ஸ்டார் நிறுவனம் 2001-ல் விஜய் டிவியையும், 2008-ல் ஏசியாநெட்டின் பெரும்பங்கையும், 2015-ல் தெலுங்கு மா டிவியையும் கையில் எடுத்தது. சன் குழுமத்திடம் தமிழுக்கு சன், தெலுங்குக்கு ஜெமினி, மலையாளத்துக்கு சூர்யா. ஒரு மொழியில் ஓடிய கதை இன்னொரு மொழிக்குப் போக, குழுமத்துக்குள் ஒரு முடிவு எடுத்தால் போதும்.

2. எதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற டிஆர்பி எண்ணைக் கணக்கெடுக்கும் 'பார்க்' (BARC) அமைப்பு 2015 முதல் வாராவாரம் எண்களை வெளியிடுகிறது. அதில் தமிழ்நாடு–புதுச்சேரி ஒரு சந்தை, கேரளம் இன்னொரு சந்தை. சித்தூரில் ஒரு வீடு மாலை முழுக்க தமிழ் சீரியல் பார்த்தாலும் அது தமிழ்ச் சந்தையின் எண்ணில் ஏறாது. பொள்ளாச்சியில் துணி எடுக்கும் குடும்பமாக இருந்தாலும், ஜவுளிக்கடை விளம்பரக்காரரின் கணக்கில் அது கேரள வீடு.

3. 2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த கட்டண முறைக்குப் பிறகு, பார்க்கும் சேனலுக்குக் காசு. கேரளத்தில் கேபிள்காரர் கொடுக்கும் பேக் பெரும்பாலும் மலையாளத்தை மையமாக வைத்தது. தமிழும் வேண்டுமென்றால் மேற்கொண்டு கட்ட வேண்டும்.

சுருக்கமாக, இரண்டு பக்கமும் பார்க்க இவர்கள்தான் கூடுதலாகக் காசு கொடுக்கிறார்கள். இவர்களை மனதில் வைத்து எந்தப் பக்கமும் நிகழ்ச்சி எடுப்பதில்லை.

டிவி மனதை மாற்றுகிறது என்றால் என்ன

சீரியலில் மாமியார் விஷம் வைத்ததைப் பார்த்து யாரும் மறுநாள் விஷம் வைக்கப் போவதில்லை. பாதிப்பு அப்படி நேராக வருவதில்லை. ஊடக ஆய்வில் இதற்கு மூன்று கருத்துகள் உதவும்.

1. பண்படுத்தல் கோட்பாடு. அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் 1960-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தது. ஒரு நிகழ்ச்சி என்ன செய்கிறது என்று அவர் கேட்கவில்லை. பல ஆண்டுகள் தினமும் பல மணி நேரம் பார்ப்பவர்களுக்கு 'உலகம் இப்படித்தான்' என்ற எண்ணம் டிவியில் வரும் உலகத்தை ஒட்டியே அமைகிறது என்றார்.

2. ஒருதலை நெருக்கம். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் இருவரும் 1956-ல் எழுதியது. திரையில் வருபவர் நம்மிடம் பேசுவதுபோலவே இருப்பதால் அவரை நமக்குத் தெரியும் என்று தோன்றிவிடுகிறது. அவருக்கு நாம் யாரென்றே தெரியாது.

3. அச்சுப் பாத்திரம். ஒரு கூட்டத்தைச் சேர்ந்த எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பது. நம் நாட்டில் இனம் என்ற பேச்சு பெரும்பாலும் நிறமாகவும் மொழியாகவும் ஊராகவும்தான் வருகிறது. சாதி அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சீரியல் குடும்பங்களின் சாதியை வசனத்தில் சொல்வது அரிது. நகை, வீடு, நிறம் மூன்றும் அதைச் சொல்லாமல் சொல்லிவிடும்.

கெர்ப்னர் குழுவினர் பின்னர் சேர்த்த கருத்து ஒன்று நம் கேள்விக்கு முக்கியமானது: ஒத்ததிர்வு. திரையில் காண்பதும் வீட்டிலும் தெருவிலும் கேட்பதும் ஒன்றாக இருந்தால் பாதிப்பு இரட்டிப்பாகும் என்பது அது. இரண்டும் மோதினால், பார்ப்பவர் யோசிக்க ஓர் இடம் கிடைக்கும்.

டிவி கெடுதல் மட்டுமே செய்கிறது என்றும் சொல்ல முடியாது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் தமிழ்நாடு, பீகார், ஹரியானா, கோவா உள்ளிட்ட இடங்களின் கிராமங்களில் 2001 முதல் 2003 வரை திரட்டிய தகவல்களை ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேபிள் வந்த ஊர்களில், கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற விருப்பமும் குறைந்திருந்தது. நம் சீரியல்களைப் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். காரணம் எளிது. அந்தக் கிராமத்து வாழ்க்கையைவிடத் திரையில் தெரிந்த பெண்ணுக்குச் சுதந்திரம் கூடுதல். திரைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் பாதிப்பின் திசையைத் தீர்மானிக்கிறது.

முரண்படும் இடம்: மலையாளி யார், தமிழர் யார்

தமிழ்த் திரையில் மலையாளி பல ஆண்டுகளாக டீக்கடை நாயராகவும், மாந்திரீகராகவும், நர்ஸாகவும் வந்திருக்கிறார். 'சேச்சி' என்று இளிப்போடு கூப்பிடப்படும் பெண்ணாகவும் வந்திருக்கிறார். மலையாளத் திரையில் தமிழர் லாரிக்காரர், வட்டிக்காரர், கூலியாள், அடியாள், வீட்டு வேலைக்காரி. ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

ஒருமுறை விஜய் டிவியின் 'நீயா நானா' நிகழ்ச்சி, தமிழ்ப் பெண்கள் அழகா, கேரளப் பெண்கள் அழகா என்று ஒரு விவாதத்துக்கு ப்ரோமோ போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த எபிசோடு ஒளிபரப்பாகவில்லை. அந்தத் தலைப்பை யோசித்தவர்களுக்கு இரண்டும் தனித்தனிக் கூட்டம். ஒரே வீட்டில் தமிழ் மாமியாரும் மலையாள மருமகளும் இருக்கும் எல்லையோரத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. இங்கே டீக்கடை நாயரை நிஜமாகவே தெரியும். அவர் பையன் கோயம்புத்தூரில் படிப்பதும் தெரியும். அச்சுப் பாத்திரம் இங்கே ஒட்டாததற்குக் காரணம் இதுதான்.

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்தது இன்னும் தெளிவான உதாரணம். தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் 'பெண்பிள்ளை ஒருமை' என்ற பெயரில் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே விடவில்லை. மலையாளச் செய்திச் சேனல்கள் நாள்கணக்கில் நேரலை கொடுத்தன. வேலைக்காரியாகவே தமிழ்ப் பெண்ணைக் காட்டிவந்த அதே திரையில், தமிழ் பேசும் பெண்கள் கட்சிகளை நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள். போராட்டத்தின் முகமாகத் தெரிந்த கோமதி அதே ஆண்டு தேவிகுளம் வட்டாரப் பஞ்சாயத்துக்கு ஜெயித்தார். டிவி ஒருவரைப் பிரபலமாக்குவதற்கு அழகும் பாட்டும்தான் வேண்டும் என்றில்லை என்பதற்கு நல்ல சாட்சி அது.

அந்தக் கவனம் தங்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவில் 70 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மறுநாள் கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில் விமானம் விழுந்தது. கேமராக்கள் அங்கே திரும்பின. பெட்டிமுடிக்குப் போகும் வழியும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டிருந்தது உண்மை. ஆகவே சேனல்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் மாநில அரசு விமான விபத்தில் இறந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சமும் பெட்டிமுடிக்கு 5 லட்சமும் அறிவித்தபோது, யாருடைய சாவு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற கேள்வி கேரளத்திலேயே உரக்கக் கேட்டது.

பிரபலம் என்பவர் விதிவிலக்கு

நெதர்லாந்தில் 1999-ல் தொடங்கிய 'பிக் பிரதர்' வடிவம் 'பிக் பாஸ்' என்ற பெயரில் தமிழுக்கு 2017-ல் கமல்ஹாசனோடும், மலையாளத்துக்கு 2018-ல் மோகன்லாலோடும் வந்தது. வீடு, கேமரா, எவிக்‌ஷன், வார இறுதியில் பெரிய நடிகர் வந்து விசாரிப்பது எல்லாம் ஒன்றுதான். ஒருவர் தூங்குவதையும் அழுவதையும் நூறு நாள் பார்த்தால் ஒருதலை நெருக்கம் வராமல் என்ன செய்யும்? மலையாளத்தின் முதல் சீசனில் பழகிய பேளி மாணியும் ஸ்ரீநிஷ் அரவிந்தும் 2019-ல் கல்யாணம் செய்துகொண்டபோது, பார்த்தவர்கள் சொந்த வீட்டு விசேஷம்போல் கொண்டாடினார்கள்.

கவனிக்க வேண்டியது தமிழின் முதல் சீசனில் நடந்தது. 'ஓவியா ஆர்மி' என்று ஊரே கொண்டாடிய ஓவியா திருச்சூர்க்காரர். அதனால் தமிழருக்கு மலையாளிப் பெண்களைப் பற்றிய எண்ணம் மாறியதா? மாறியதாகச் சொல்ல முடியாது. பிரபலத்தை விதிவிலக்காக எடுத்து வைத்துவிட்டு, கூட்டத்தைப் பற்றிய பழைய எண்ணத்தை மனது அப்படியே வைத்துக்கொள்கிறது. ஓவியா 'நம்ம பொண்ணு' ஆவார். சேச்சி ஜோக் தொடரும்.

ஒத்துப்போகும் இடம்: நிறம்

ஏசியாநெட்டில் 2014-ல் 'கறுத்தமுத்து' தொடங்கியது. கார்த்திகா என்ற கறுத்த பெண்ணின் கதை. 2017-ல் அது தெலுங்கில் ஸ்டார் மாவுக்குப் போய் 'கார்த்திக தீபம்' ஆனது, நாயகி தீபா. 2019-ல் விஜய் டிவியில் 'பாரதி கண்ணம்மா', நாயகி கண்ணம்மா. கன்னடம், மராத்தி, வங்காளம் என்று இன்னும் பயணம் போனது. பாலக்காட்டுத் தமிழ் வீட்டில் முதலில் கார்த்திகாவையும் பிறகு கண்ணம்மாவையும் பார்த்திருப்பார்கள். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கத் தமிழ் வீட்டில் தெலுங்கு தீபாவையும் கண்ணம்மாவையும் பார்த்திருப்பார்கள். மூன்று மொழியிலும் பாடம் ஒன்று.

நிறவெறிக்கு எதிரான கதை என்றுதான் அது அறிமுகமானது. ஆனால் மலையாளத்திலும் பிறகு தெலுங்கிலும் நாயகியாக நடித்த பிரேமி விஸ்வநாத்துக்குக் கறுப்புச் சாயம் பூசித்தான் அந்த வேடம். தமிழிலும் மேக்கப் போட்டு நிறத்தை அடர்த்தியாக்கினார்கள். கறுத்த பெண்ணின் கதைக்குக் கறுத்த பெண் தேவைப்படவில்லை என்பதிலேயே பாதி விஷயம் வெளிவந்துவிடுகிறது. மீதியைக் கதை சொல்கிறது:

1. கறுப்பு அந்தப் பெண்ணின் தலையில் விழுந்த துன்பம். அவளைச் சுற்றியிருப்பவர்களின் குற்றமாக அது பேசப்படுவது குறைவு.

2. அதை அவள் ஈடுகட்டியாக வேண்டும். பொறுமை, சமையல், உழைப்பு, தியாகம் எல்லாவற்றிலும் மற்றவர்களைவிட ஒரு படி மேலே நின்றால்தான் அவளுக்கு அனுதாபம்.

3. ஆணின் நிறம் ஒரு பிரச்சினையே இல்லை.

4. கதை நீள நீள, நிறம் மறக்கப்பட்டுக் கற்பு மேலே வருகிறது. கணவன் டாக்டர். குழந்தை தனதா என்று சந்தேகம். ஒரு டிஎன்ஏ பரிசோதனையில் முடிய வேண்டியது ஆண்டுக்கணக்கில் இழுக்கப்பட்டது. கர்ப்பிணி கண்ணம்மா பையோடு நடந்துகொண்டே இருந்த எபிசோடுகள் மீம் ஆனதுதான் மிச்சம்.

நடுவில் வந்த விளம்பரங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல்தான் பெயரை மாற்றிக்கொண்டது. கறுப்பாக இருப்பவரைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014-லேயே விதி போட்டிருந்தது. விளம்பரம் அடக்கி வாசிக்கத் தொடங்கிய காலத்தில் சீரியல் அதையே கண்ணீரோடு சொல்லத் தொடங்கியது.

டீக்கடை நாயர் விஷயத்தில் இரண்டு சேனலும் மோதியது, பக்கத்து வீடும் மறுத்தது. நிறத்தில் இரண்டு சேனலும் ஒன்று, பெண் பார்க்க வரும் உறவினரும் அதே கட்சி. கெர்ப்னர் சொன்ன ஒத்ததிர்வு இதுதான்.

ஒத்துப்போகும் இன்னொரு இடம்: கல்யாணம்

2018-ல் கலர்ஸ் தமிழில் 'எங்க வீட்டு மாப்பிள்ளை' ஓடியது. நடிகர் ஆர்யாவுக்குப் பதினாறு பெண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி. காசர்கோடு திரிக்கரிப்பூரில் பிறந்தவர் தமிழ் வீட்டு மாப்பிள்ளையாக நின்றதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, அவர் பிரபலம். கடைசி மூன்று பேரில் யாரையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்த ஆண்டு நடிகை சாயிஷாவைக் கல்யாணம் செய்துகொண்டார். இந்தியில் 2009-ல் ராக்கி சாவந்த் நடத்திய சுயம்வரமும் நிச்சயதார்த்தத்தோடு நின்றுபோனது. நிகழ்ச்சிகளுக்கு நஷ்டமில்லை. கல்யாணம் நடப்பதைவிட, நடக்குமா நடக்காதா என்பதில்தான் டிஆர்பி.

சீரியலுக்கும் அதே கணக்கு. தாலி கட்டும் காட்சி வாரம் முழுக்க நீளும். கடைசி நொடியில் மாப்பிள்ளை மாறுவார், அல்லது மயங்கிக் கிடக்கும் பெண் கழுத்தில் ஒருவன் தாலி கட்டுவான். கட்டியாகிவிட்டது, இனி அவன்தான் கணவன் என்று கதை நகரும். இதை நம்பி யாராவது இருந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

1. இந்து திருமணச் சட்டம் 12-வது பிரிவின்படி, பலவந்தமாகவோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கிய கல்யாணத்தை நீதிமன்றத்தில் செல்லாததாக்கலாம். பலவந்தம் நீங்கியது அல்லது ஏமாற்று தெரியவந்தது முதல் ஓராண்டுக்குள் மனு போட வேண்டும்.

2. மனைவி உயிரோடிருக்க, விவாகரத்து ஆகாமல் செய்யும் இரண்டாம் கல்யாணம் அந்தச் சட்டப்படி தொடக்கத்திலிருந்தே செல்லாது. சீரியலில் இது வீட்டுப் பஞ்சாயத்தில் தீரும்.

3. மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ உறவினர், நண்பர் முன்னிலையில் செய்யும் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கும் 7ஏ பிரிவு, 1967-ல் தமிழ்நாடு செய்த திருத்தம். எல்லையில் வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அந்தத் திருத்தம் கிடையாது.

4. கேரளத்தில் 2008 விதிகளின்படி எந்த மதமானாலும் 45 நாளுக்குள் கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும். சீரியல் கல்யாணத்தில் பதிவு அலுவலகம் வருவது, காதலர்கள் ஓடிப்போகும்போது மட்டும்தான்.

தமிழில் 2018-ல் தொடங்கிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2020-ல் மலையாளத்தில் 'சாந்த்வனம்' ஆனது. தம்பிகளுக்காகக் குழந்தை வேண்டாமென்று இருக்கும் அண்ணி, கூட்டுக் குடும்பம், கடை எல்லாம் அப்படியே போய்ப் பொருந்தின. கேரளம் வேறு, தமிழ்நாடு வேறு என்று எவ்வளவு பேசினாலும், நல்ல மருமகள் யார் என்பதில் இரண்டு பக்கத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

புகார் சொல்ல வழி உண்டா

உண்டு. கேபிள் டிவி விதிகள் 1994-ன் ஆறாவது விதி நிகழ்ச்சிகளுக்கான நெறிமுறை. பெண்களை இழிவுபடுத்துவதோடு, இன, மொழி, வட்டாரக் கூட்டத்தாரை அவதூறாகவும் ஏளனமாகவும் காட்டுவதையும் அது தடுக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு வழி இப்படி: முதலில் சேனலுக்கு எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் 15 நாளுக்குள் பதிலும் வர வேண்டும். வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. அதற்கும் மேலே ஒன்றிய அரசின் கண்காணிப்பு. புகார் கொடுப்பவர் எந்த மாநிலம் என்பது பிரச்சினையே இல்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து சென்னைச் சேனல் மீதும் கொச்சிச் சேனல் மீதும் எழுதலாம்.

புகாரில் நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், எந்தக் காட்சி என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். 'நீயா நானா' ப்ரோமோபோல ஒரு முப்பது நொடி இருந்தால் அது எளிது. 'கறுத்தமுத்து' ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஓடியது. அதில் எந்த எபிசோடைச் சொல்வது? எந்தக் காட்சியிலும் யாரும் கார்த்திகாவின் நிறத்தைப் பாராட்டச் சொல்லி விதி இல்லை, அவளுக்காக அழுவதைத் தடுக்கவும் விதி இல்லை. அதனால்தான் மகளிர் ஆணையம் காட்சியை விட்டுவிட்டு எபிசோடு எண்ணிக்கையைப் பிடித்திருக்கிறது. கதை ஒரே இடத்தில் சுற்றுவதற்கு நீளம்தான் இடம் கொடுக்கிறது என்பதால் அந்த யோசனையில் பொருள் உண்டு. ஆனால் 30 எபிசோடில் முடியும் சீரியலுக்கும் நாயகிக்குச் சாயம் பூசலாம். அதைத் தடுக்க இன்றுவரை ஒரு விதியும் இல்லை.